காரணம் கேட்கும் உரிமை

நன்மை செய்யச் சொல்லும் கட்டளைக்குக் காரணமும் வேண்டுமோ? நோயாளி மருத்துவரிடம் போகிறான், "இதை உட்கொள்" என்கிறார், உட்கொள்கிறான், பிழைக்கிறான். பிழைத்தவன் காரணம் கேட்டானா? கேளாததால் அவன் இழந்ததுதான் என்ன? இப்படி வினவுவோர் நாட்டிலே பலர். தீயவர்களல்லர் அவர்கள், ஊர் பிழைக்க வேண்டும் என்ற கவலையால் பேசுபவர்கள். ஆகவே அவர்களுடைய கேள்வியை எள்ளி நகையாடாமல் எடுத்து ஆராய்வதே முறை.

ஆராய நமக்குக் கிடைத்திருக்கும் களம், கொரோனாக் கொள்ளைநோய் உலகை உலுக்கிய நாட்களில், தடுப்பூசி குறித்து நாட்டுக்குத் தரப்பட்ட நெறிமுறைகள். எவருக்கு முதலில், எவருக்குப் பின்னர், இரண்டு தவணைகளுக்கு இடையே எத்தனை வாரம், கருவுற்ற பெண்ணுக்கு உண்டா இல்லையா என்பன போன்ற கட்டளைகள் 2021ஆம் ஆண்டு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உலக நலவாழ்வு நிறுவனம் அந்நோயின் நெருக்கடி நிலை முடிந்தது என்று 2023 மே 5ஆம் நாள் அறிவித்தது. நெருக்கடி நீங்கிய பிறகுதான் நிதானமாகப் பேச இயலும், பேசவும் வேண்டும். அடுத்த கொள்ளைநோய் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வரப்போவதில்லை.

முதலில் நம் நிலையைச் சொல்லிவிடுகிறோம். தடுப்பூசி அறிவியலின் அருஞ்செயல். பெரியம்மை இந்த மண்ணைவிட்டு 1975இல் ஓடியது மாரியம்மனுக்குக் கூழ் வார்த்ததால் அல்ல, அம்மை குத்தியதால். இளம்பிள்ளைவாதத்தின் இயற்கைக் கிருமி 2011க்குப் பிறகு இந்நாட்டுக் குழந்தை எதையும் முடக்காதது திருநீற்றால் அல்ல, சொட்டு மருந்தால். 1907 முதல் குன்னூரிலே நிற்கிறது பாஸ்டர் நிறுவனம். வெறிநாய்க்கடிக்கு மருந்து தேடி அந்த மலைமீது ஏறியோர் எத்தனை ஆயிரவர்! அந்த மலையிலேயே வாழும் நாம் தடுப்பூசியைப் பழிப்போமா? பழிக்க அல்ல இந்தக் கட்டுரை.

ஆயினும் ஒரு நெருடல். "ஏன்?" என்று கேள் என்பதுதானே பகுத்தறிவு நமக்குக் கற்பித்த முதற்பாடம்? சாத்திரம் சொல்கிறது, ஆகவே செய் என்றவனிடம் ஏன் என்றோம். முன்னோர் சொன்னது என்றவனிடமும் ஏன் என்றோம். அறிவியல் முத்திரை குத்திய ஆணை ஒன்று வருகிறபோது மட்டும் வாய்பொத்தி நிற்போமாயின், மாறியிருப்பது முத்திரைதானே, மனப்பான்மை அல்லவே! மறுபுறத்திலே இன்னொரு கூட்டம்: ஏன் என்று கேட்கும், விடை வருமுன் எழுந்து ஓடும், ஓடிப்போய், ஊசியிலே நஞ்சு, ஊசியிலே சூழ்ச்சி என்று தெருத்தெருவாய்த் தூற்றும். கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராதவன் பகுத்தறிவாளன் அல்லன். ஆனால் அவனைக் காட்டி, கேள்வியே கேளாதே என்பது என்ன நியாயம்?

கோவிசீல்டு என்னும் தடுப்பூசியின் கதையைப் பாருங்கள். 2021 சனவரி 16இல் நாடெங்கும் ஊசி போடும் பணி தொடங்கியபோது, இரு தவணைகளுக்கு இடையே 4 முதல் 6 வாரம் என்றார்கள். மார்ச்சு 22இல் 4 முதல் 8 வாரம் வரை போகலாம், 6 முதல் 8 என்றால் நலம் என்றார்கள். மே 13இல் 12 முதல் 16 வாரம் என்றார்கள். நான்கே திங்களில் நான்கு வாரம் நான்கு திங்களாக நீண்டுவிட்டது!

எங்கள் தேவர்சோலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து பறிக்கும் பெண்கள் படிப்பறிவு குறைந்தவர்களாக இருக்கலாம். கணக்கறிவு குறைந்தவர்கள் அல்லர். பறித்த கொழுந்தில் எத்தனை கிலோ கழித்தார்கள், எதற்காகக் கழித்தார்கள் என்பதை அன்றாடம் எடைபோடும் இடத்திலே நின்று கேட்டுப் பழகியவர்கள். அவர்களுள் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "மொதல்ல ஒரு மாசத்துல வா-ன்னாங்க. இப்ப மூணு மாசம் கழிச்சு வாங்கிறாங்க. மருந்து மாறிப்போச்சா சார், இல்ல நம்ம ஒடம்பு மாறிப்போச்சா?" இதைவிடத் தெளிவாக எந்த அறிஞர் கேட்டுவிட முடியும்? மருந்து மாறவில்லை, அம்மா. உடம்பும் மாறவில்லை. மாறியது எது என்பதை உமக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

நெறிமுறை மாறியதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. மாறாத நூலுக்குச் சாத்திரம் என்று பெயர், மாறுவதுதான் அறிவியல். மாற்றத்துக்குச் சான்றும் இருந்தது. 2021 பிப்ரவரியிலே ஆக்சுபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, இரண்டாம் தவணையை 6 வாரத்துக்குள் போட்டால் பயன் 55 விழுக்காடு. 12 வாரமோ அதற்கு மேலோ பொறுத்துப் போட்டால் 81 விழுக்காடு. ஆகவே இடைவெளியை நீட்டியதில் பொருளுண்டு. ஆனால் அதே மே திங்களில் ஊரை அழித்துக்கொண்டிருந்தது புதிய உருவெடுத்த கிருமி. டெல்டா என்று பின்னர் பெயர் பெற்ற அதற்கு எதிரே, ஒரு தவணை மட்டும் போட்டவருக்கு நோய்க்குறி தோன்றாமல் காக்கும் ஆற்றல் ஏறத்தாழ 30 விழுக்காடுதான், இரு தவணையும் போட்டால் 67 என்று இங்கிலாந்தின் ஆய்வு காட்டியது. அங்கே என்ன செய்தார்கள்? 12 வாரமாக இருந்த இடைவெளியை 50 வயதைக் கடந்தோருக்கு 8 வாரமாகக் குறைத்தார்கள். எந்த நாளில்? 2021 மே 14இல். இங்கே நீட்டியதற்கு மறுநாள்!

ஒரே மருந்து, ஒரே கிருமி. ஒரு நாடு நீட்டுகிறது, ஒரு நாடு குறைக்கிறது. யார் சரி? இருவருமே சரியாக இருக்கலாம். மருந்து நிறைந்த நாட்டின் கணக்கு வேறு. மருந்துக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு மக்கள் திரும்பிய நாட்டின் கணக்கு வேறு. ஒருவருக்கு இரண்டு போடுவதா, இருவருக்கு ஒவ்வொன்று போடுவதா என்பது மருத்துவக் கேள்வி மட்டுமன்று, அறக் கேள்வி. பஞ்ச காலத்தில் பானையிலே இருக்கும் கஞ்சியை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்கு உறவானது. "மருந்து போதவில்லை. இருப்பதைக் கொண்டு பலருக்கு ஒரு தவணையாவது தருவோம். இதனால் உமக்கு இன்ன இடர் உண்டு, இன்ன பயன் உண்டு" என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் இந்த மக்கள் ஏற்காமலா போயிருப்பார்கள்? பகிர்ந்துண்பது என்பது ஏழைக்குப் புதிதன்று. ஆனால் இங்கே சொல்லப்பட்டது என்ன? பற்றாக்குறை காரணமன்று, அறிவியலே காரணம் என்று! 2021 சூனிலே, தடுப்பூசிக்கான தேசிய ஆலோசனைக் குழுவின் உறுப்பினர் சிலர், 8 முதல் 12 வாரம் வரைக்குத்தான் தாங்கள் இசைந்தோம், 16 வரை போவதற்குச் சான்று இல்லை என்று செய்தி நிறுவனம் ஒன்றிடம் கூறினர். அரசு அதை மறுத்தது. பின்னர் 2022 மார்ச்சிலே அக்குழு, 8 வாரத்திலேயே போடலாம் என்று பரிந்துரைத்தது. உண்மை எப்பக்கம் இருந்ததென்று ஊர்மக்கள் எதைக் கொண்டு அறிவது?

நாங்கள் பள்ளியிலே கணக்குத் தாள் திருத்துகிறோம். விடை 16 என்று மட்டும் எழுதி வைத்திருக்கும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் தருவதில்லை. விடை சரிதானே என்று அப்பிள்ளை வாதாடும். சரிதான், ஆனால் வழி எங்கே? வழி இல்லாத விடை, நல்வாய்ப்பாகவும் இருக்கலாம், பக்கத்துப் பிள்ளையின் தாளாகவும் இருக்கலாம். வழியைக் காட்டினால், விடை தவறாயினும் எந்தப் படியிலே தவறியது என்று கண்டு திருத்தலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் நாம் எதிர்பார்ப்பதை, நூற்று முப்பது கோடி மக்களுக்கு விடை எழுதுவோரிடம் எதிர்பார்க்கலாகாதா?

அந்த 12 வாரக் கட்டளை பிறந்து ஒரு திங்களும் ஆகுமுன், சூன் 7இல், விலக்கு ஒன்று வந்தது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போவோர், வேலைக்குப் போவோர், ஒலிம்பிக்கில் ஆடப் போவோர் ஆகியோர் 28 நாளிலேயே இரண்டாம் தவணை பெறலாம்! பயணத்தின் தேவை மெய்யானது, மறுக்கவில்லை. ஆனால் கொழுந்து பறிப்பவள் கேட்க மாட்டாளா, விமானம் ஏறுகிற உடம்புக்கு 28 நாள், மலை ஏறுகிற உடம்புக்கு 84 நாளா என்று? அண்டையிலுள்ள கேரளத்தில் ஒரு நிறுவனம், தன் தொழிலாளருக்கு விலை கொடுத்து வாங்கிய மருந்தை 84 நாள் காத்திராமல் போட இசைவு கேட்டு உயர்நீதிமன்றம் சென்றது. 2021 செப்டம்பரில் தனி நீதிபதி இசைவு தந்தார். பின்னர் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கிவிட்டது. வழக்கின் வெற்றி தோல்வி நமக்குப் பெரிதன்று. கட்டளையின் காரணம் கட்டளையோடு வராதபோது, அதைத் தேடி நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது என்பதே கவனிக்கத்தக்கது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும், எழுப்பட்டும். எல்லோரும் எல்லாவற்றையும் ஆராய்ந்துதான் ஏற்பதென்றால் நடக்குமா? தொழிலாளி ஆய்வேடு படிப்பானா? நாமே படித்தது கலைப்படிப்பு; கிருமியியல் கரைகண்டவர்கள் அல்லோம். பாலத்தின் மேல் நடப்பவன் பொறியாளனாக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நம்பித்தான் நடக்கிறோம். ஆனால் நம்பிக்கையிலே இருவகை உண்டு. ஆராயத் தடை விதித்துவிட்டு நம்பு என்பது ஒன்று. ஏடுகளைத் திறந்து வைத்து, அறிந்தவர் எவரும் வந்து பார்க்கட்டும், பிழையிருந்தால் சொல்லட்டும் என்று விட்டுவைத்து, அப்படிப் பலர் பார்த்தும் நின்றதால் நம்பு என்பது மற்றொன்று. கருவறைக்குள் போக எனக்கு விருப்பமில்லை என்பது வேறு, நீ உள்ளே வரலாகாது என்பது வேறு அன்றோ! கதவு திறந்திருக்கிறது என்பதை அறிந்தவன் வெளியே நின்றும் நம்பலாம்.

மருத்துவ உலகம் இதை அறியாததன்று. மருத்துவ நெறிமுறைகளின் தரத்தை அளக்கவே 'அக்ரீ' என்றொரு கருவியை வகுத்திருக்கிறார்கள். ஆறு கூறுகள், 23 கேள்விகள். சான்றுகளை எப்படித் தேடினீர்கள், யாரைக் கலந்தீர்கள், நோயாளியின் கருத்தைக் கேட்டீர்களா, எழுதியவர்களுக்கு ஆதாயத் தொடர்பு உண்டா, எப்போது திருத்துவீர்கள் என்று துருவித் துருவிக் கேட்கும் அக்கருவி. உலக நலவாழ்வு நிறுவனத்தின் தடுப்பூசி வல்லுநர் குழுவும் 2020 செப்டம்பரிலேயே, மருந்து வருவதற்கு முன்பே, பங்கீட்டின் அறக்கோட்பாடுகளை வெளியிட்டது. ஆறு கோட்பாடுகளுள் ஒன்று, முடிவுகள் வெளிப்படையாக எடுக்கப்பட வேண்டும் என்பது. ஆகவே நாம் கேட்பது கிடைத்தற்கரிய பொருளன்று. அவர்களே எழுதி வைத்த இலக்கணம்.

இனி, முதலிலே கேட்டவருடைய கேள்விக்கு வருவோம். நன்மைதான் விளைகிறதே, காரணத்தை மறைத்தால் என்ன? அல்லது மாற்றிச் சொன்னால்தான் என்ன? இதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்றுண்டு. நமக்கு மிக வேண்டிய ஒருவரைப் பற்றியது. எல்லிஸ் என்ற வெள்ளையர், எல்லீசன் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டவர், தென்னாட்டு மொழிகள் வடமொழிக்குப் பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்று 1816இலேயே நிறுவியவர். தமிழர் நன்றியோடு நினைக்கும் பெயர் அது. அவர் காலத்திலேதான் சென்னை மாகாணத்தில் அம்மை குத்தும் முறை புகுந்தது. மக்கள் அஞ்சினர். எல்லிஸ் என்ன செய்தார்? சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவது போலப் பழங்கதையின் சாயலில் ஒன்றை எழுதி, பசுவின் வழியே வந்த இம்மருந்து தெய்வத்தின் கொடை என்று சொல்லவைத்தார். நோக்கம் நல்லது, உயிர் காக்கும் நோக்கம். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடமளித்திருக்கிறாரே என்றுகூடச் சிலர் அவருக்காக வாதாடுவர்.

வாதாடட்டும். ஆனால் 'குற்றமற்ற' என்ற அடைமொழியை அவர்கள் விழுங்கிவிடக் கூடாது. அக்கதையை நம்பி அம்மை குத்திக்கொண்டவன் எதைக் கற்றான்? பசு தெய்வம், சக்தி பேசினாள், ஆகவே செய்தேன் என்று கற்றான். நாளை இன்னொருவன், அதே சக்தி ஊசி வேண்டாம் என்று சொன்னாள் என்று கதை கட்டினால் அவனையும் நம்புவான். கையிலே ஊசித் தழும்பு. அறிவிலே பழைய இருள். எல்லிஸின் தமிழ்த்தொண்டைப் போற்றுகிற நாம், இந்த ஒரு செயலைப் போற்ற மாட்டோம். ஒருமுறை பயனளிக்கும் பொய், அடுத்த உண்மையை நம்பும் வலிமையைத் தின்றுவிடுகிறது.

தின்றுவிடுவதை நம் காலத்திலும் கண்டோம். 2021 ஏப்ரல் 15இல் நடிகர் விவேக் மக்களை ஊக்குவிக்க முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார். 17இல் மாரடைப்பால் மறைந்தார். சிரிப்பினூடே மூடநம்பிக்கையைச் சாடிய கலைஞர் அவர்; அவருடைய சாவே அச்சத்துக்கு உணவாகிவிட்டது. ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று அன்றே மருத்துவர்கள் சொன்னார்கள். ஆய்வுக் குழுவின் முடிவும் பின்னர் அவ்வாறே வந்தது. ஆனால் மக்கள் ஏன் உடனே நம்பவில்லை? அதற்கு மூன்று திங்கள் முன்பு, சனவரி 3ஆம் நாள், கோவாக்சின் என்னும் ஊசிக்கு, மூன்றாம் கட்ட ஆய்வின் பயன் தெரியுமுன்பே இசைவு தந்திருந்தார்கள். கேட்டவர்களை நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்றார்கள் சிலர். பின்னர் அந்த ஊசியும் பயனுடையதென்றே தெரியவந்தது. ஆயினும், முன்னே கேட்டபோது மழுப்பியவர் பின்னே மெய்யே சொன்னாலும் செவி கொடுப்பார் யார்? இங்கிலாந்திலே, ஆசுட்ராசெனகா ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறைகிறது என்று தெரிந்தவுடன், 2021 ஏப்ரல் 7இல், ஒவ்வொரு வயதினருக்கும் பயன் இவ்வளவு, தீங்கு இவ்வளவு என்று படம் வரைந்து நாட்டுக்குக் காட்டினார்கள்; 30 வயதுக்குட்பட்டோருக்கு வேறு ஊசி என்றார்கள். இங்கேயும் அடுத்த திங்களில் பத்து இலட்சம் தவணைக்கு 0.61 என்று கணக்கு வெளியிட்டார்கள் என்பதையும் சொல்வதே நேர்மை. ஆனால் அக்கணக்கு அறிக்கையிலே கிடந்தது. ஊசி போடும் வரிசையிலே நின்றவனுக்கு வந்து சேரவில்லை.

வந்து சேர்தல் என்றதும் நம் மலை நினைவு வருகிறது. மே 1 முதல் 18 வயது நிரம்பியோர் எல்லோருக்கும் ஊசி என்றார்கள்; ஆனால் 44 வயது வரையுள்ளோர் கோவின் என்னும் இணையத் தளத்தில் முன்பதிவு செய்தே வரவேண்டும் என்றார்கள். கைப்பேசி வேண்டும், அலைவரிசை வேண்டும், தொடக்கத்திலே ஆங்கிலமும் தெரிய வேண்டும். சூன் திங்களில் பிற மொழிகளைச் சேர்த்தபோதும், முதற்பட்டியலில் தமிழ் இல்லை என்ற குரல் எழுந்த பின்னரே தமிழ் சேர்ந்தது! தேவர்சோலைப் பக்கத்திலே பணியர் வாழ்கின்றனர், காட்டுநாயக்கர் வாழ்கின்றனர், குறும்பர் வாழ்கின்றனர், இலங்கையிலிருந்து சாத்திரி–சிறிமாவோ உடன்பாட்டால் திரும்பியோர் லயன் வீடுகளிலே வாழ்கின்றனர். இந்தக் கட்டளையை எழுதியவருடைய மனக்கண்ணில் இவர்களுள் ஒருவராவது தோன்றியிருப்பாரா? உச்சநீதிமன்றமே அவ்விதிகளைப் பார்த்து, 18 முதல் 44 வயதினர்க்கான கொள்கை மேற்பார்வைக்கே தன்னிச்சையானது, பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்ற கருத்தை அந்த மே 31ஆம் நாளிட்ட ஆணையிலே பதிவு செய்தது. கோப்புக் குறிப்புகளையும் கொண்டுவருக என்றது. ஒரு வாரத்திலே கொள்கை மாறியது.

ஆனால் அதே ஆண்டின் நடுவிலேயே, நீலகிரியின் பழங்குடி மக்களில் தகுதியுடையோர் ஏறக்குறைய அனைவருக்கும் முதல் தவணை செலுத்தப்பட்டுவிட்டது என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. எப்படி முடிந்தது? கோவினைக் காட்டியா? ஊசியை ஊருக்கே எடுத்துச் சென்றார்கள். மக்கள் மொழியிலே பேசினார்கள். கூடலூரிலே பல்லாண்டுகளாகப் பழங்குடிப் பெண்களே செவிலியராகவும் நலப்பணியாளராகவும் தம் மக்களிடையே தொண்டாற்றி வருகின்றனர். தம்மவர் சொல்லுக்கு என்ன வலிமை என்பதை இம்மலை அறியும். அஞ்சியவர்களிடம், ஏன் அஞ்சுகிறீர்கள் என்று கேட்டு அமர்ந்தவர்கள் வென்றார்கள்.

இதே மாவட்டத்திலே, அதே செப்டம்பரிலே இன்னொரு வழியும் கையாளப்பட்டது. இரு தவணையும் போட்ட சான்றைக் காட்டினால்தான் மதுக்கடையில் மது என்று அறிவித்தார்கள்! படித்தோர் பலர் சிரித்தனர்; சிலர் கைதட்டினர். குடிகாரனுக்குத்தானே இடர், நமக்கென்ன என்று எண்ணினர். அன்றைய நெருக்கடியிலே அதிகாரிகளின் தவிப்பு நமக்குப் புரிகிறது. குடிப்பதால் ஊசி வேண்டாம் என்று சிலர் சொல்லித் திரிந்ததும் மெய். ஆனால் சீசாவுக்காகக் கையை நீட்டியவன் ஊசியை ஏற்றானா, விலையைக் கொடுத்தானா? அவனுடைய "ஏன்?" அப்படியே தொண்டைக்குள் கிடக்க, மேலே சாராயம் ஊற்றப்பட்டது. எவரையும் வற்புறுத்தி ஊசி போடலாகாது, தன் உடல்மீது தனக்குள்ள உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவிலே அடங்கும் என்று 2022 மே 2இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றதன்று என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஊசி போடாதோர் பொது இடங்களுக்கு வரலாகாதென்று மாநிலங்கள் விதித்த தடைகள், அன்றிருந்த நிலைமைக்கு அளவு மீறியவை என்றும் சொன்னது. ஊசியால் நேரும் தீங்குகளை மக்களும் மருத்துவரும் தாமே பதிவு செய்ய வழி செய்க என்று பணித்தது. நான்கையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிடித்த ஒன்றை மட்டும் வெட்டியெடுத்து மேடையில் முழங்குவோர் இருபுறமும் உளர்.

கடைசியாக, தோட்டத்துப் பெண்களைப் பற்றியே இன்னொன்று. தொடக்கத்து நெறிமுறையிலே கருவுற்றோருக்கும் பால் கொடுப்போருக்கும் ஊசி இல்லை. ஆய்வுகளிலே அவர்களைச் சேர்க்கவில்லை, ஆகவே சான்று இல்லை, ஆகவே ஊசி இல்லை! பால் கொடுப்போருக்கு மே 19இல் கதவு திறந்தது. கருவுற்றோருக்கு சூலை 2இல். நடுவிலே கிடந்தது ஏப்ரலும் மேயும். சுடுகாட்டிலே இடமில்லாத இரண்டு திங்கள். "தெரியவில்லை, ஆகவே வேண்டாம்" என்பது எச்சரிக்கை போலத் தோன்றும். ஆனால் வேண்டாம் என்பதும் ஒரு முடிவு. அதற்கும் உயிர்விலை உண்டு. தெரியவில்லை என்றால் அதைச் சொல்லி, நோயின் இடர் இவ்வளவு, ஊசியின் இடர் இன்னும் அறியப்படவில்லை, பிற நாடுகளிலே போட்டுக்கொண்ட கருவுற்றோரிடம் கண்டது இது, நீயே எண்ணிப் பார்த்து முடிவு செய் என்று அவளிடமே விட்டிருக்கலாகாதா? அவளுக்காக எண்ணினார்கள், அவளோடு எண்ணவில்லை.

அடுத்த கொள்ளைநோய்க்கான நெறிமுறைகளை எழுதுவோருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலே, எந்த வயதினர் எந்த நாளில் வரவேண்டும் என்று ஒட்டுகிற தாளிலே, கீழே நான்கு வரி இடம் விடுங்கள். இந்த முடிவுக்குக் காரணம் இது. இதில் எமக்குத் தெரியாதது இது. மாற்றுக் கருத்துச் சொன்னவர்கள் சொன்னது இது. மறுபடி இன்ன நாளிலே பரிசீலிப்போம். தமிழிலே எழுதுங்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை தன் பாட்டிக்குப் படித்துக் காட்டும் அளவுக்குப் பெரிய எழுத்திலே எழுதுங்கள்.